ரோமியோ எங்கே ஒழுகினான்

உட்காருங்க தம்பி. அந்தப் பையை என் காலடியில் தள்ளிவிடுங்க, ஒன்றும் ஆகாது. விளாத்திகுளமா? நான் அதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவேன். கருங்காலிப்பட்டி விலக்கு. அங்கே தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. ஒரு வேப்பமரம், ஒரு பெட்டிக்கடை. உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஹேங்கரைக் கூட்டுகிறவள் வீடு. ஹேங்கர் என்றால் விமானம் நிறுத்துகிற கொட்டகை. அவளைப் பார்க்கத்தான் போகிறேன்.

சிரிக்காதீங்க. விமான இன்ஜினைப் பிரித்து மாட்ட லைசென்ஸ் வைத்திருக்கிறவன், இஸ்திரி போட்ட சட்டையோடு, விளக்குமாறு பிடிக்கிறவள் வீட்டு வாசலில் போய் நின்று, 'நான்தான் சொன்னேன், நீ பொய் சொல்லவில்லை, வேலைக்குத் திரும்பி வா' என்று சொல்ல வேண்டுமாம். சொல்லி, கையோடு அழைத்துக்கொண்டு வர வேண்டுமாம். இன்றைக்குள். இல்லையென்றால் நாளையிலிருந்து நானும் வர வேண்டாமாம். கேப்டன் உத்தரவு.

கேப்டன் என்றால் எங்கள் பறக்கும் பள்ளிக்கு முதலாளி. தேவசகாயம் என்று பெயர். பெரிய பெரிய ஜெட் ஓட்டியவர், இப்போது கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு ரன்வேயைக் குத்தகைக்கு எடுத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் ஓட்டுகிறவனுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் தம்பி? வண்டியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மாட்டின் வயிற்றுவலி தெரியுமா? நான் இருபது வருஷம் ஏர்ஃபோர்ஸில் இருந்தவன். இமயமலை அடிவாரத்தில், விரல் ஒட்டிக்கொள்கிற குளிரில் இன்ஜின் பார்த்தவன். என்னைப் போய்.

எல்லாம் ஒரு ஆயில் ஒழுகலால் வந்தது.

எங்களிடம் நாலு விமானங்கள். எல்லாம் ரெண்டு பேர் உட்காருகிற குட்டி விமானங்கள். ஒவ்வொன்றுக்கும் வாலில் எழுத்து இருக்கும். கடைசி எழுத்து ஆர் என்றால் ரேடியோவில் ரோமியோ என்றுதான் கூப்பிட வேண்டும். அதனால் பிள்ளைகள் அதற்கு ரோமியோ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்த ரோமியோ, டயர் வரவில்லை என்று சும்மா நின்று கிடந்தது. டயர் வந்தது. மாட்டினோம். பறந்தது. திரும்பி வந்தபோது வயிற்றில் ஆயில்.

"சார், ரோமியோ மூத்திரம் போறான்" என்று ஒரு பையன் வந்து சொன்னான். பைலட் ஆகப் போகிறவன் பேசுகிற பேச்சு.

போய்ப் பார்த்தேன். குனிந்து ஒரு பார்வைதான். அது போதும். "ராக்கர் கவர் கேஸ்கெட்" என்றேன். இன்ஜினுக்கு மேலே மூடி மாதிரி இருக்கும், அதற்கு அடியில் ஒரு பட்டை. அதுதான் பாதி நேரம் ஒழுகும். மாற்றினோம். பறந்தது. வயிற்றில் ஆயில்.

சரி, நாலு மூடியில் ஒன்றைத்தானே மாற்றினோம், மற்ற மூன்றையும் மாற்றச் சொன்னேன். பறந்தது. ஆயில்.

இந்த இடத்தில்தான் ரிஸ்வானா வாயைத் திறந்தாள். எனக்குக் கீழே வேலை பார்க்கிற பெண். மேலப்பாளையம். தலையில் முக்காடு, கையில் எந்நேரமும் டார்ச். படித்து லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை.

"சார், ஒருவாட்டி முழுசாக் கழுவிட்டுப் பாத்துருவோமா?"

"கழுவுறதுக்கு அது என்ன எருமையா?" என்றேன்.

"இல்ல சார், காத்து அடிச்சு எல்லாப் பக்கமும் பூசிருக்கு. தெரியிற இடம் ஒழுகுற இடமா இருக்காதுல்லா."

பாருங்க, இதை எனக்குச் சொல்கிறாள். விமானம் பறக்கும்போது காற்று முன்னாலிருந்து பின்னால் அடிக்கும், ஆயில் எங்கேயோ கசிந்து எங்கேயோ போய் நிற்கும், இது ஒன்றாம் பாடம். நான் பாடம் நடத்தின விஷயம். அதனால்தான் அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்க வேண்டும்? ஆயில் ஃபில்டரை இவள்தான் மாட்டினாள், இறுக்கத் தெரியாமல் மாட்டியிருப்பாள் என்று சொல்லி, அதைக் கழற்றி நானே மாட்டினேன். பெண்பிள்ளை கை. குற்றம் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

மறுநாள் கேப்டனே ஒரு பையனை உட்காரவைத்து ரோமியோவில் ஏறினார். ரன்வேயைச் சுற்றி ஒரு சுற்று. ரேடியோவில் அவர் குரல் கேட்டது, கோபமில்லாமல். அவர் கோபமில்லாமல் பேசினால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். முன்கண்ணாடி முழுக்க ஆயில். ஒன்றும் தெரியவில்லையாம். பக்கத்து ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, ரன்வே ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இறக்கினார். இறங்கி வந்த பையன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். கேப்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு கண்ணாடிக்கு ஆயில், ஒரு கண்ணாடிக்கு வியர்வை.

"குற்றாலலிங்கம்" என்றார். அதுதான் என் பெயர். "எங்கிருந்து ஒழுகுதுன்னு தெரியாம இது இனி தரையை விட்டு எழும்பக் கூடாது."

நான் என்ன எழுப்பினேனா? அவர்தானே எழுப்பினார்.

அப்புறம் அந்தப் பெண் கழுவினாள். இன்ஜினின் மூக்கு மூடியைக் கழற்றி, பிரஷ் போட்டு, துடைத்து, காற்றடித்துக் காயவைத்து, ஒரு பொட்டு ஆயில் இல்லாமல் ஆக்கினாள். கலியாணப் பாத்திரம் மாதிரி மின்னியது. சரி, முடிந்தது என்று பார்த்தால், "முத்துக்கனியக்கா, உங்கட்ட பவுடர் டப்பா இருக்கும்லா?" என்கிறாள்.

முத்துக்கனிதான் அந்தக் கூட்டுகிறவள். ஹேங்கரைக் கூட்டுவாள். காலையில் ரன்வே நெடுக நடந்து கல் பொறுக்குவாள், மயில் உட்கார்ந்திருந்தால் விரட்டுவாள். சின்னக் கல் ஒன்று போதும் தம்பி, விமானத்தின் மூக்கில் சுழல்கிற விசிறியில் பட்டால் தெறித்துவிடும். அந்த வேலைக்கு ஒரு ஆள். அவள் பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். இந்தப் பெண் இன்ஜின் முழுக்க அதைத் தூவினாள். குளிப்பாட்டின பிள்ளைக்குத் தூவுகிற மாதிரி.

"பொட்டும் வச்சிரு" என்றேன்.

"வச்சிரலாம் சார், சுத்திப் போடவும் செய்யலாம்" என்று சிரித்தாள் முத்துக்கனி. நான் அவளிடம் பேசவில்லை. இந்த மாதிரி நடுவில் புகுந்து பேசுகிற பழக்கம் அவளுக்கு அப்போதே உண்டு.

இன்ஜினைத் தரையிலேயே கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினார்கள். பவுடர் எங்கே நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. நனைந்திருந்தது விசிறிக்குப் பின்னால். அங்கே ஒரு ரப்பர் வளையம் உண்டு, சீல் என்போம். அது இருந்த இடத்தைவிட்டுப் பிதுங்கி வெளியே வந்திருந்தது.

"சொன்னேன்ல, சீல்தான்" என்றேன். சொல்லியிருந்தேனா என்று கேட்காதீங்க. மனதில் இருந்தது. மட்டமான சீல் அனுப்பியிருக்கிறான் கடைக்காரன். புது சீல் வரவழைத்து நானே மாட்டினேன். கையால் தடவிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி உட்கார்ந்தது. ஓட்டிப் பார்த்தோம். மறுபடியும் பிதுங்கியது.

ரிஸ்வானா டார்ச்சை அடித்து அந்தப் பிதுங்கலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்காது. பேசுகிறவளுக்குப் பதில் சொல்லலாம்.

"சார், சீல் கெட்டுப்போகல. உள்ளேருந்து ஏதோ தள்ளுது" என்றாள். பிறகு குனிந்து விமானத்தின் வயிற்றுக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தாள். இன்ஜின் ஓடும்போது உள்ளே காற்று சேரும் தம்பி. அது வெளியே போவதற்கு ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், வயிற்றுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். இன்ஜின் மூச்சு விடுகிற குழாய். அதன் நுனியில் ஒரு டியூபை மாட்டி வாயால் ஊதினாள். கன்னம்தான் உப்பியது. காற்று போகவில்லை.

குழாயைக் கழற்றினார்கள். உள்ளே மண். நல்ல கரிசல் மண், குழைத்து, அடுக்கி, விரல் விரலாக. குளவிக் கூடு.

மூச்சுக்குழாயைக் குளவி அடைத்துவிட்டது. காற்று வேறு வழி தேடி, முன்னால் இருந்த சீலைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. இவ்வளவுதான் விஷயம். ஒரு பூச்சி. நான் மாற்றின நாலு கேஸ்கெட்டும் நல்ல கேஸ்கெட்தான், ஃபில்டரும் நல்ல ஃபில்டர்தான். அதனால் நான் தப்பு செய்தேன் என்று யாராவது சொல்ல முடியுமா? ஏர்ஃபோர்ஸில் குளவி கிடையாது தம்பி. அங்கே ஒழுங்கு உண்டு.

ரிஸ்வானா ஸ்க்ரூடிரைவரால் குத்தப் போனாள். "ஏய், மெதுவா" என்றேன். சும்மா, ஆதாரம் வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். கூட்டை உடையாமல் நானே எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டேன். அப்படியும் ஓரம் உதிர்ந்துவிட்டது. ஆதாரம் என்றால் பத்திரமாக இருக்க வேண்டுமல்லவா, வீட்டுக்குக் கொண்டு போனேன். என் மனைவி அதைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். நான் என்ன செய்ய? பெண்கள் விஷயம்.

அதற்குள் கேப்டன் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார். கேட்டது ஒரே கேள்வி. "குளவி ஒருநாள்ல கட்டாது. வந்து வந்து போயிருக்கும். யாராவது பாத்தீங்களா?"

முத்துக்கனிதான் சொன்னாள். "நான் பாத்தேன் சார்."

"பாத்துட்டு ஏம்மா சொல்லல?"

அவள் என்னைப் பார்த்தாள். "சொன்னேன் சார். தட்டி விடவான்னு கேட்டேன். இந்த சார்தான் கலைக்காத, விட்ருன்னு சொன்னாவ."

இப்போது நான் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. ரோமியோ டயருக்காக நின்று கிடந்த சமயம், ஒருநாள் நான் ஹேங்கர் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன். என் மகள். கோயம்புத்தூரில் இருக்கிறாள். கலியாணமாகி ஏழு வருஷம் தம்பி. எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ஊசி. அவள் அழுதுகொண்டே பேசுகிறாள், நான் என்னமோ ஏதோ என்று பதறுகிறேன், கடைசியில் பார்த்தால் நல்ல செய்தி. அந்த நேரம் பின்னால் இவள், "சார், கொளவி கூடு கட்டுது, தட்டி விட்ரவா?" என்கிறாள்.

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். உங்கள் பக்கமும் சொல்வார்களே? கூட்டைக் கலைக்கக் கூடாது என்பார்கள். எனக்கு இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கிடையாது. நான் இன்ஜின் பார்க்கிறவன். "ஐயோ, கலைச்சிராத, விட்ரு, விட்ரு, நல்ல நேரத்துல வந்திருக்கு" என்று சொன்னேன். அவ்வளவுதான். ஒரு மரியாதைக்குச் சொல்வதுதானே? அவள்கூட உடனே, "பாப்பாவுக்கா சார்? மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆனால் எங்கே கட்டுகிறது என்று அவள் சொன்னாளா? சொல்லவில்லை. விளக்குமாற்றால் காட்டினாளாம். விளக்குமாற்றால் காட்டுவதெல்லாம் ஒரு தகவலா? போன் பேசுகிறவன் திரும்பிப் பார்ப்பானா? நான் சுவரில் கட்டுகிறது என்று நினைத்தேன். சுவரில் கட்டினால் கட்டிவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகு நாலைந்து தடவை அந்தக் குளவி ரோமியோவின் வயிற்றுக்கு அடியில் போய் வந்ததை நானும்தான் பார்த்தேன், என் கண் என்ன பொட்டையா? எங்கே போகிறது என்று குனிந்து பார்க்கத்தான் இல்லை. குளவியைக் குனிந்து பார்த்தால் கொட்டும் தம்பி.

அதனால் கேப்டன் கேட்டபோது, "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்? பக்கத்தில் ரிஸ்வானா நிற்கிறாள். பிள்ளைகள் நிற்கிறார்கள். விமானத்துக்குள் குளவிக் கூட்டைக் காப்பாற்றி வைத்தவன் என்று பெயர் வாங்கினால் அப்புறம் எவன் என் பேச்சைக் கேட்பான்? "இவ சொல்றது பொய். பாத்தவ வாயை மூடிட்டு இருந்துட்டு, இப்ப என் தலையில போடுறா" என்றேன். ஒரு பேச்சுக்கு.

முத்துக்கனி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். "சரி சார்" என்றாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவைத்தாள். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினாள். ரிஸ்வானாவிடம் பவுடர் டப்பாவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எவ்வளவு திமிர் பாருங்க. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ரன்வேயில் கல் பொறுக்க ஆளில்லை. மயில்கள் வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கின்றன, சம்பளம் வாங்குகிறவர்கள் மாதிரி. ஒரு விமானமும் எழும்பவில்லை.

கேப்டன் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "மகளுக்கு விசேஷம்னு அன்னைக்கு எல்லாருக்கும் அல்வா குடுத்தீங்களே குற்றாலலிங்கம். அவ குளவியப் பத்திச் சொன்னதும் அன்னைக்குத்தானே?" என்றார்.

நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன்.

"கேஸ்கெட் மாத்தினதெல்லாம் போகட்டும். கண்டுபிடிக்கத் தெரியலைங்கிறது குத்தம் இல்ல. ஆனா பாத்ததைப் பாத்தேன்னு சொன்ன ஒரே ஆளைப் பொய்க்காரியாக்கிட்டீங்க. இனிமே இங்க ஒருத்தன் எதையாவது பாத்தா வந்து சொல்வானா? நான் இந்தப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு மேல பறக்கணும்" என்றார். அப்புறம்தான் அந்த உத்தரவு. "நீங்களே போங்க. அவகிட்ட உள்ளதைச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

எப்படி இருக்கிறது? ஆள் வேண்டும் என்றால் வேறு ஆளா கிடைக்காது? ஆனால் சொன்னால் சொன்னதுதான் அவர். எனக்கும் இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? மகளுக்குப் பிரசவச் செலவு வேறு. அதனால் கிளம்பினேன். பெரிய காரியமில்லை. ஒரு வாக்கியம். 'நான்தான் சொன்னேன்.' எச்சில் விழுங்குகிற நேரத்தில் சொல்லிவிடலாம். வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இதோ, விலக்குதான். கண்டக்டர் குரல் கொடுக்கிறான். கொஞ்சம் காலை மடக்குங்க தம்பி, இறங்கிவிடுகிறேன்.

பொறுங்க. பொறுங்க தம்பி, எழுந்திருக்காதீங்க. உட்காருங்க, என்னை மறைத்தமாதிரி உட்காருங்க. முன்வாசலில் ஏறுகிறாளே, ஊதாச் சேலை. அவள்தான். எங்கே கிளம்பிவிட்டாள்? பார்த்துவிட்டாள். இங்கேதான் வருகிறாள்.

என்ன முத்துக்கனி... நல்லாருக்கேன், நல்லாருக்கேன்... பாப்பாவா? அஞ்சு மாசம் முடியப் போவுது... ம், சொல்றேன்... நீ எங்க, விளாத்திகுளமா?... ஜவுளிக் கடையிலயா... இன்னைக்கேவா சேரச் சொல்லிருக்கான்?... ஓ... நல்லது, நல்லது... என்னது? கூடா?... அப்படியா... இல்ல, நான் கவனிக்கல... சரி, சரி... நானா? நான் சும்மா... ஒரு கலியாணம்... ஆமா, விளாத்திகுளத்துலதான்... அங்க ஒரு சீட்டு காலியாகுது பாரு, போ, போய் உக்காரு.

கேட்டீங்களா தம்பி? வந்ததும் வராததுமாக என் மகளைப் பற்றித்தான் கேட்கிறாள். குங்குமப்பூ எல்லாம் வேண்டாம், முருங்கைக்கீரை கொடுக்கணுமாம். எனக்குச் சொல்கிறாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி என்ன சொன்னாள் தெரியுமா? 'கூட்டைப் பிரிச்சுட்டமேன்னு மனசுல வைக்காதீங்க சார். அதுல ஓட்டை இருந்துச்சு, நான் பாத்தேன். குஞ்சு எல்லாம் பறந்துருச்சு. வெறுங்கூடுதான். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது' என்கிறாள். இவளிடம் நான் கேட்டேனா? எனக்கு அந்த மாதிரி எண்ணம் இருந்ததாக யார் சொன்னது? தூக்கம் வராமல் கிடந்தேன் என்றால் அது வேலை பற்றின கவலை.

ஓட்டை இருந்ததாம். உதிர்ந்த பக்கமாக இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? சொல்லத்தான் போகிறேன். ஓடுகிற பஸ்ஸில், கண்டக்டர், கோழிக்கூடை, இத்தனை பேர் நடுவில் வைத்தா சொல்வது? ஒரு இடம் பொருள் வேண்டாமா? இறங்கினதும் ஓரமாகக் கூப்பிட்டு... கடை எத்தனை மணிக்கோ. சேர்ந்துவிட்டாள் என்றால் அப்புறம் சொல்லி என்ன, சொல்லாமல் என்ன.

கண்டக்டர், இங்க ஒரு விளாத்திகுளம். ஆமா, இறங்கல. இறங்கலன்னா இறங்கலதான், டிக்கெட்டக் கிழி.

என்ன முத்துக்கனி?... எந்த மண்டபமா?... அதான், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல... ஆமா, ஆமா, அதேதான்... உனக்கு எதுக்குச் சிரமம், கடைக்கு நேரமாவும்லா... வழிதானா... வாசல்வரைக்குமா... சரி.

கொண்டுவந்து விடுகிறாளாம். புது இடத்தில் நான் தடுமாறக் கூடாதாம்.

தம்பி, நீங்கள் அந்த ஊர்தானே? இன்றைக்கு அந்த மண்டபத்தில் யார் வீட்டுக் கலியாணம்? பெண் பெயரோ மாப்பிள்ளை பெயரோ, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்க. வாசலில் நின்று நான் உள்ளே போகிறதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் நகருவாள்.